ஊசிக்கு ஒரு வசூல்

கணவன் போன பிறகு அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பார்த்தவர்கள் ஆளுக்கொன்று நினைத்துக்கொண்டார்கள். வாய்விட்டுச் சொன்னது நாத்தனார் ஒருத்திதான். "அழுது தொலைச்சிரும்மா. உள்ளேயே அடைச்சு வெச்சா உடம்புக்கு ஆகாது" என்றாள். தம்பியைப் பறிகொடுத்தவள் அவள். மூட்டை முடிச்சோடு வந்து இறங்கி, தன் பங்குக்கு அழுது தீர்த்துவிட்டு, அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அழக் கூடாதுன்னு இல்லக்கா. வரல" என்றாள் இவள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். காலையில் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனவன். மத்தியானம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அந்தப் போனைக் காதிலிருந்து எடுத்தபோது அவளுக்குள் ஏதோ ஒன்று அடங்கிப்போனது. அது பிறகு எழுந்திருக்கவே இல்லை. பசித்தால் சாப்பிட்டாள், படுத்தால் தூங்கினாள். இப்படித் தூங்குகிறோமே என்று வெட்கப்பட வேண்டும் எனத் தோன்றியது, வெட்கமும் வரவில்லை.

லீவு முடிந்ததும் வேலைக்குப் போனாள். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சில் கல்லாக இறுகும் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட வேண்டும். கை பாட்டுக்கு வேலை செய்தது. மெழுகு உருக்கும் கத்தி ஒருநாள் விரலில் பட்டது. தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் இவள் கையை எடுத்தாள். பக்கத்து மேஜைக்காரி பதறிப்போய் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

போனை நீட்டியதும் அந்தப் பக்கத்து மேஜைக்காரிதான். "ஏய், இது நீயும் உன் பொண்ணும்தானே?"

அவர்கள்தான். போன வருஷம் வலைப்பதிவர் சந்திப்பில் எடுத்த படம். மகள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறாள். அது அழுவதுபோலத் தெரிந்தது. மேலே கொட்டை எழுத்தில், 'நம் சகோதரிக்குக் கை கொடுப்போம்.' கீழே வங்கிக் கணக்கு எண்.

இவளுக்கு ஒரு வலைப்பதிவு இருந்தது. பேர் ஊசி. தானம், தர்மம், நன்கொடை, அறக்கட்டளை என்று இதைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்த ஒரு பதிவர் கூட்டத்தில் இவளும் ஒருத்தி. கூட்டத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். எல்லாருக்கும் அவர் வாத்தியார். இந்த வசூலும் அவர் பக்கத்தில்தான் வந்திருந்தது. 'கொடுக்கிறவன் வேண்டுமானால் பல்லைக் காட்டிக்கொண்டு படம் பிடித்துக்கொள்ளட்டும். வாங்குகிறவள் முகத்தை விட்டுவிடுங்கள்' என்று ஊசி ஒருமுறை எழுதப்போய், பின்னூட்டம் குவிந்தது. அதற்கு எதிர்க்கட்சி கட்டியவர் தராசு என்ற பேரில் எழுதுகிறவர். முகம் இல்லாவிட்டால் ஒருத்தனும் பையில் கை விடமாட்டான், உங்கள் மானத்தைக் காப்பாற்றப் போய் நாலு பேர் மருந்தில்லாமல் கிடக்க வேண்டுமா என்று கேட்டார். தெரிந்தவருக்குக் கொடுப்பது தர்மமே இல்லை, எங்கே கொடுத்தால் அதிகம் பேர் பிழைப்பார்களோ அங்கே கொடுப்பதுதான் தர்மம் என்பது அவருடைய இன்னொரு கட்சி. இரண்டு பேரும் மாறி மாறி எழுதியதைப் படிக்கவே ஒரு கூட்டம் வரும். நேரில் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

ஊசிக்குச் சுருக்கென்று கோபம் வந்திருக்க வேண்டும். படத்தைப் பார்த்தாள், போனைத் திருப்பிக் கொடுத்தாள், அரைகுறையாக நின்ற கீழ்த்தாடையை எடுத்துக்கொண்டாள்.

"யாராவது உங்கிட்ட கேட்டாங்களா?" என்றாள் மேஜைக்காரி.

"இல்ல."

"என்னடி, கல்லு மாதிரி சொல்ற?"

இரண்டு நாள் கழித்து மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைத் திறந்து ஒரு பென்சில் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். புத்தம் புதுசு. அதைத் திறந்து மூடிப் பார்க்காமல் தள்ளியே நின்றாள்.

"மிஸ் குடுத்தாங்க. நம்ம படத்த போன்ல பாத்தாங்களாம். எல்லார் முன்னாடியும் கூப்பிட்டுக் குடுத்தாங்க. அம்மா, நாம ஏழையா?"

நாத்தனார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இவள் டப்பாவைக் கையில் எடுத்தாள். சம்பளம் வருகிறது. வாடகை கொடுக்கிற அளவுக்கு வருமா என்று இன்னும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

"தெரியலடா. பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

அன்றைக்கே வாத்தியாருக்குப் போன் செய்தாள். "சார், அந்தப் படத்த எடுத்துருங்க."

"எடுத்துடலாம்மா. இன்னும் ரெண்டே நாள். இப்பதான் நல்லா வந்துட்டிருக்கு. படத்த எடுத்தா அப்படியே படுத்துரும்."

"நான் எழுதினதெல்லாம் நீங்க படிச்சிருக்கீங்கல்ல?"

"அதெல்லாம் ஊர்ல இருக்கிறவங்களுக்கும்மா. நீ நம்ம வீட்டுப் பொண்ணு. உரிமையோட செஞ்சோம்."

இவள் "சரி சார்" என்று வைத்துவிட்டாள். சண்டை போடத் தேவையான சாமான் எதுவும் உள்ளே இருப்பதாகத் தெரியவில்லை.

மறுநாள் தராசு எழுதினார். நீளமாக இல்லை. 'ஊசியின் துக்கத்துக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் அவருக்கு வேலை இருக்கிறது, தலைக்குமேல் கூரை இருக்கிறது. இதே பணத்தை அரசு ஆஸ்பத்திரி சிறுநீரக வார்டுக்குக் கொடுத்தால் உயிர்கள் பிழைக்கும். நாம் ஊசிக்குக் கொடுப்பது அவரை நமக்குத் தெரியும் என்பதால்தான். இன்னொன்று, அந்தப் படத்தை எடுங்கள். முகத்தைப் பற்றி இத்தனை நாளும் நான் சொன்னது தப்பு.'

அவ்வளவுதான், கும்மி ஆரம்பித்தது. இழவு வீட்டில் கணக்குப் பார்க்கிறவன் என்றார்கள். பெற்ற தாய்க்காவது சோறு போடுகிறாயா என்றார்கள். பேர் போடாத அனானி ஒருவன், கணினிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வீரம் பேசாதே, தைரியமிருந்தால் அந்த அம்மா முகத்துக்கு நேரே போய்ச் சொல் என்று எழுதினான்.

இவள் எல்லாவற்றையும் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து படித்தாள். 'தங்கச்சி, அழாதே', 'கடவுள் இருக்கிறார்', 'நாங்கள் இருக்கிறோம்' என்ற நூறு வரிகளும் கண்ணாடியில் மழைத் தண்ணீர்போல வழிந்து போயின. தராசின் பதிவை மட்டும் இரண்டாம் தடவை படித்தாள். துக்கம் என்று ஒரு வரியில் முடித்துவிட்டு அந்த ஆள் வழக்கம்போல வாதத்துக்கு வந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் இரண்டு பதிவர்களோடு வீட்டுக்கு வந்தார். கையில் காசோலை இருந்த உறை. ஒரு பதிவர் கேமராவை வெளியே எடுத்தார். நாத்தனார் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள்.

"நன்றின்னு ஒரு பதிவு எழுதும்மா. அந்தத் தராசுக்கும் ரெண்டு வரி குடு. வாயடைச்சுப் போகட்டும்" என்றார் வாத்தியார்.

"படம் வேண்டாம் சார். பழைய படத்தையும் இங்கேயே உக்காந்து எடுங்க."

குரல் உயரவில்லை. வாத்தியார் முகம் சுண்டிப்போய்ப் போனை எடுத்துப் படத்தை நீக்கினார். இவள் உறையை வாங்கிக்கொண்டாள். அவர்கள் டீயைப் பாதி குடித்துவிட்டு எழுந்தார்கள்.

வாசல் கதவை மூடியதும் நாத்தனார் சொன்னாள்: "திருப்பிக் குடுத்துருவியோன்னு பயந்துட்டேன்."

"எப்படிக்கா குடுப்பேன்? கம்பெனி நஷ்டஈடு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும். நேத்துதான் உக்காந்து பாத்தேன். என் சம்பளத்துல வாடகை போனா மிச்சம் ஒண்ணுமில்ல."

அன்று சாயங்காலம் எழுதினாள். 'பணம் வந்தது. வைத்துக்கொள்கிறேன், எனக்கு அது வேண்டியிருக்கிறது. கொடுத்தவர்களுக்கு நன்றி. தராசு சொன்னதும் சரி. என்னைவிட அவசரமாகத் தேவைப்படுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவரைத் திட்டுவதை நிறுத்துங்கள். என் மகள் படத்தை யாரும் இனி எங்கேயும் போடாதீர்கள்.'

இதற்கும் கோபித்துக்கொண்டார்கள். வாங்கவும் வாங்கிவிட்டு வியாக்கியானம் வேறு பேசுகிறாள் என்றார்கள். வாத்தியார் கூட்டத்தின் பக்கத்திலிருந்து ஊசிக்குப் போகும் சுட்டியைத் தூக்கிவிட்டார். அதுவும் இவளை ஒன்றும் செய்யவில்லை. மகளிடம் மட்டும், "நாம ஏழையில்லடா. கொஞ்ச நாளைக்குக் கை இறுக்கம். அவ்வளவுதான்" என்றாள். மகள் பென்சில் டப்பாவைத் தூக்கி அலமாரிமேல் வைத்துவிட்டுப் பழைய டப்பாவையே கொண்டுபோனாள்.

அதற்கடுத்த வாரம் ஒரு குட்டையான மனிதர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார். கால்சட்டையில் வெள்ளைத் தூசி. டைல்ஸ் கடை வைத்திருப்பதாகச் சொன்னார்.

"நான்தாங்க தராசு."

நெட்டையாக, வெடவெடவென்று ஒரு ஆளை இவள் மனசில் வைத்திருந்தாள். நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தாள். "இவருதானா அந்த மகராசன்?"

அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். "நான் பணம் போடலைங்க. அத நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். ஒரு அனானி எழுதியிருந்தான்ல."

"அந்த வார்டுக்குக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"அங்க இருக்கிறவங்களப் பாத்தீங்களா?"

"இல்ல. எதுக்குப் பாக்கணும்?"

"முகம் வேணும்னு வருஷக்கணக்கா எழுதினது நீங்கதானே. இப்ப ஏன் மாத்திக்கிட்டீங்க?"

"உங்க பொண்ணு படத்தப் பாத்தேங்க. பாக்க முடியல. அதோட அந்தக் கட்சிய விட்டுட்டேன்."

இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப இத்தனை நாளும் எத்தனை பிள்ளைங்க படத்தப் பாத்திருப்பீங்க? அதெல்லாம் உறைக்கல. என்னத் தெரியும்ங்கிறதால எம் பொண்ணு முகம் மட்டும் உறைச்சிருக்கு. தெரிஞ்சவங்களுக்குக் குடுக்கிறது தர்மமே இல்லன்னு எழுதின ஆளு நீங்க."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அட, ஆமாங்க" என்றார்.

"என்ன ஆமாங்க? பதில் சொல்லுங்க."

தன் குரல் கூடத்தில் இவ்வளவு சத்தமாகக் கேட்டது இவளுக்கே புதிதாக இருந்தது. எரிச்சல்தான், சின்ன எரிச்சல். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிப்போனது. ஆனால் வந்தது.

"யோசிச்சு எழுதறேங்க" என்று அவர் எழுந்தார். "நீங்க எங்க போடுவீங்க பதில்? வாத்தியார் பக்கத்துலதான் உங்கள எடுத்துட்டாங்களே."

"எம் பதிவு எங்கயும் போகல. அங்கேயே வாங்க."

அவர் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. நாத்தனார் கதவைச் சாத்திவிட்டு வந்து, "நல்லாத்தான் கேட்டே. மனுஷன் வேர்த்துப்போயிட்டான்" என்றாள். பிறகு தட்டை எடுத்து வைத்து, அன்றைக்கு அழச்சொல்லாமல், மகளையும் சாப்பிடக் கூப்பிட்டாள்.