யாரும் எட்டிப் பார்க்காத கணினி

அவர் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். இருபத்திரண்டு வருஷ அனுபவம். போன மழைக்காலத்தில்தான் வலது கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஆடுவதைக் கவனித்தார். தூக்கம் போதவில்லை என்று கொஞ்சநாள் சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறகு, மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, வீட்டுக் கணினியில் "விரல் நடுக்கம் ஏன்" என்று தேடினார்.

அவ்வளவுதான். செய்தி படிக்கப் போனாலும் பாட்டுக் கேட்கப் போனாலும் நரம்பு மாத்திரை விளம்பரம் பின்னாலேயே வந்தது. ஒருநாள் கடைக் கணினியில் தன் மெயில் கணக்கைத் திறந்தபோது, முதலாளி பக்கத்தில் நிற்கையிலேயே ஊன்றுகோல் விளம்பரம் ஒன்று பல்லிளித்தது. யாருக்கு என்று முதலாளி கேட்க, அப்பாவுக்கு என்றார். அப்பா போய்ச்சேர்ந்து ஒன்பது வருஷம்.

மனைவியின் அண்ணனுக்குக் கணினி பழுதுபார்க்கிற தொழில். அன்று மாலையே மச்சானிடம் ஓடினார். காரணத்தைச் சொல்லவில்லை; தன்னை ஒருத்தனும் வேவு பார்க்கக் கூடாது என்றார். மச்சான் பழைய விண்டோஸை அடியோடு துடைத்துவிட்டு, லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தைப் போட்டார். பின்தொடர்பவர்களை அண்டவிடாத பிரவுசரும் வைத்தார். பழைய மெயில் கணக்கை இவரே அழித்தார். பிரிண்டரோடு மட்டும் இருவரும் மூன்று நாள் மல்லுக்கட்டினார்கள். ஆனால் விளம்பரம் நின்றது.

அந்த நிம்மதியில்தான் மனைவியிடம் மனம்விட்டுப் பேசினார். டாக்டரைப் பார்த்தாயிற்று, நடுக்குவாதத்தின் ஆரம்பநிலைதான், கடைக்குத் தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து முதலாளி அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அப்படி உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நாளையிலேர்ந்து முன்னாடி கவுன்டரைப் பாத்துக்குங்க. மெஷின் வேண்டாம்."

"வேலை செய்யும்போது கை நடுங்கறதில்லைங்க. யார் சொன்னாங்க?"

"எங்க வீட்டுல சொன்னாங்க. நல்ல நரம்பு டாக்டர் யாராவது இருக்காங்களான்னு உங்க வீட்டம்மா குரூப்ல கேட்டிருந்தாங்களாம்."

அது தையல் வகுப்புப் பெண்களின் வாட்ஸ்அப் குழு. முதலாளியின் மனைவியையும் சேர்த்து அறுபது பேர்.

வீட்டுக்கு வந்து கேட்டபோது அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "கடைக்காரங்கள்ட்டயா சொன்னேன்? உங்க நல்லதுக்குத்தானே கேட்டேன். எல்லாரும் எவ்வளவு ஆறுதலா எழுதியிருக்காங்க, பாருங்க."

போனை வாங்கிப் பார்த்தார். வரிசையாகக் கூப்பிய கைகள். ஒருத்தி ஏதோ எண்ணெய் தடவச் சொல்லியிருந்தாள். இன்னொருத்தி, தன் பெரியப்பா இதே நோயில் படுக்கையில் கிடந்த கதையை விலாவாரியாக எழுதியிருந்தாள். மச்சானும் தங்கையிடம் கேள்விப்பட்டு, முதலிலேயே சொல்லியிருந்தால் பிரிண்டருக்காக இவ்வளவு அலையவிட்டிருக்க மாட்டேன் என்று இவர் போனுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். மனைவியைத் திட்ட வாய் வரவில்லை. திட்டியிருந்தால் அதுவும் குழுவுக்குப் போயிருக்கும் என்று தோன்றியது.

மறுநாள் கவுன்டரில் முதல் ஆளாக ஒரு பெண் வந்து, தளர்ந்த சட்டத்தை முடுக்கக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். அதை வாங்கத் திருப்புளியோடு எழுந்தார். அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதானா அது?" என்றாள், நோயாளி வீட்டில் பேசுகிற குரலில். பிறகு கண்ணாடியை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "இருக்கட்டும். உங்களுக்கு எதுக்குச் சிரமம்? உள்ளே வேற யாராவது இருந்தா கூப்பிடுங்க."

அவர் கூப்பிட்டார்.