சவுரிராயன் பிடித்திருந்த கைப்பிடி

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகும் வழியில் ஒரு பூச்சிமருந்து கம்பெனி. அதன் கழிவுத் திரவம் நூற்றுப்பத்து பேரல்களில் தேங்கிக் கிடந்தது. சாதாரண தீயில் கொளுத்தினால் அதைவிடக் கெட்ட புகை வரும். அதனால் எண்பத்தேழில் பிளாஸ்மா மெஷின் ஒன்றை வைத்தார்கள். கரண்டைப் பாய்ச்சினால் காற்றே பயங்கரச் சூட்டில் எரியும். அதில் விழுகிற விஷம் உருத்தெரியாமல் போய்விடும் என்று இன்ஜினியர் அரங்கநாதன் சொல்லியிருந்தார். மெஷினை ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரே ஆள் சவுரிராயன்.

பங்குனி மாதம், பகல் பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. நெருப்பு அணைந்தது. ஆனால் மெஷினுக்கு மேலிருந்த தொட்டியின் கழிவுத் திரவம் சூளைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. தானாக மூட வேண்டிய வால்வு மூடவில்லை. ஷெட் நடுவிலிருந்த கண்ணாடி அறைக்குள் சவுரிராயன் கையால் நிறுத்தும் கைப்பிடியைக் கீழே இழுத்தான், திரவம் நின்றது. கையை எடுத்தால் ஸ்பிரிங் மேலே தூக்கிவிடும். துண்டால் கட்டிப் பார்த்தான், கிரீஸில் வழுக்கியது. அதற்குள் சூளையில் ஏற்கனவே விழுந்து சரியாக எரியாத திரவத்தின் புகை கசிந்து ஷெட்டை நிறைத்தது. யாரும் உள்ளே வர முடியாது. அவனும் வெளியே போக முடியாது.

பேட்டரி இன்டர்காமில் அரங்கநாதன் கத்தினார்.

"சவுரி, வுட்டுடாதய்யா! தொட்டியில ஏறி மூடப் போறேன். அங்க இருக்கிற வால்வு துருப்பிடிச்சிக் கிடக்கு, டைம் ஆவும்."

"சார், பக்கத்து கொல்லையில பொன்னியும் மத்த பொம்பளைங்களும் மல்லாட்டை புடுங்கிக்கினு இருக்காங்க. காத்து அந்தப் பக்கமா அடிக்குது. அவங்கள ஓடச் சொல்லுங்க சார்!"

"மேனேஜர் கேட்டைப் பூட்டிட்டாருய்யா, யாரையும் வெளிய வுடல. ஊருக்குத் தெரியக் கூடாதாம்."

திறந்திருந்த ஷட்டர் வழியாக, புகைக்கு அப்பால், வேர்க்கடலைக் கொல்லையில் குனிந்து நிமிரும் சேலைகள் தெரிந்தன. எது மனைவி பொன்னியுடையது என்று தெரியவில்லை. கையை விட்டால் திரவம் சூளையில் விழுந்து விஷப்புகையாகி, புகைபோக்கி வழியாக எல்லாம் அங்கேதான் போகும். தோள் மரத்தது. இருமல் வந்தது. ஒரு தடவை விரல் நழுவி, ஸ்பிரிங் பாதி ஏறியது. இரண்டு கையாலும் இழுத்துத் தொங்கினான். ஓடிவிட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது.

"மூடிட்டேன்! வுட்டுடுய்யா!" என்ற குரல் வந்தபோது நாற்பது நிமிடம் கடந்திருந்தது. ஈரத்துணியை முகத்தில் சுற்றி உள்ளே ஓடிய அரங்கநாதன்தான் அவன் விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

மேனேஜர் சக்கரபாணி அவன் இருமி முடிக்கும்வரை நின்றார். "திங்கட்கிழமை ஓட்டணும். வேற ஆள் இல்ல."

"தானா மூடுற வால்வ மாத்துங்க. அப்பறம் வர்றேன்."

அன்று சாயங்காலம் பொன்னியிடம் எல்லாவற்றையும் சொன்னான். மறுநாள் கொல்லையில் வேலை செய்த பெண்கள் வால்வை மாற்றச் சொல்லி கேட் முன்னால் உட்கார்ந்தார்கள். பதினோரு நாளில் புது வால்வு வந்தது.

"இந்த வேலையே வாணாம்," என்றாள் பொன்னி.

"ஓட்டாம வுட்டா பேரல் ஓட்டையாயி கெணத்துலதான இறங்கும்?"

மெஷினை மறுபடி ஓட்டும் நாள் வந்தது. அவன் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டபோது, அவள் வேலைக்குப் போகாமல் கம்பெனி கேட்டின் கம்பியைப் பிடித்தபடி வெளியே நின்றாள்.