முன் இருக்கை

ஜீப்பின் முன் இருக்கைக்கு மாமியார் போட்ட சண்டையில்தான் அன்றைய பயணமே தொடங்கியது. "பின்னால உட்கார்ந்தா எனக்குக் குடலைப் புரட்டும். நான் முன்னாடிதான்" என்று சொல்லிவிட்டு, யாருடைய பதிலுக்கும் காத்திராமல் கைப்பையைத் தூக்கி அந்த இருக்கையில் போட்டு இடம் பிடித்துவிட்டார்.

அது வழிகாட்டியின் இருக்கை. ஜீப் ஓட்டுபவரின் மனைவிதான் வழிகாட்டி. அவரைக் கேப்டன் என்றும் அவளைக் கேப்டன் வீட்டக்கா என்றும் எல்லோரும் கூப்பிட்டார்கள். அந்தத் தீவின் கரையோரம் முழுக்க மணலும் விடுதிகளும்தான். நடுவில் மலையும் காடும். தார்ச்சாலை அடிவாரத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் போக இந்த மாதிரி பெரிய சக்கர ஜீப்தான் கதி.

"அம்மா, நான் அவர் பக்கத்துல உட்கார்ந்துதான் எல்லாத்தையும் காட்டிக்கிட்டே வருவேன்..." அக்கா இழுத்தாள்.

"எங்களுக்கு வழிகாட்டி வேண்டாங்க" என்றான் மகன். "குடும்பமா ஒரு நாள் நிம்மதியா போகலாம்னு வந்திருக்கோம். அருவி எங்க இருக்குன்னு டிரைவருக்குத் தெரியாதா என்ன?"

அக்கா கணவரைப் பார்த்தாள். கேப்டன் சிரித்தார். "நீ இரு. நான் பார்த்துக்கறேன்."

அவள் ஒதுங்கிக்கொண்டாள். ஆனால் ஜீப் வளைவில் திரும்பி மறையும் வரை அடிவாரத்து ஜீப் அலுவலக வாசலை விட்டு நகரவில்லை. அதைக் கவனித்தது மருமகள் மட்டும்தான்.

மருமகள் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வருகிறவர்களின் கண்ணில் சொட்டு மருந்து விடுவதும் பார்வையைச் சோதிப்பதும்தான் அவள் பிழைப்பு. "லீவுலயாவது யார் கண்ணையும் உத்துப் பார்க்காம இரு, உனக்குப் புண்ணியமா போகும்" என்று விமானத்திலேயே கணவன் கும்பிடு போட்டிருந்தான். அவளும் முயற்சி செய்யத்தான் செய்தாள்.

சிவப்பு மண் பாதை மேலே ஏறியது. இரண்டு பக்கமும் மூங்கில் நெருங்கி வந்து ஜீப்பின் உடம்பைப் பிராண்டியது. பாறை மேல் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் மாமியார் முன்கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "எப்பா, இது ஜீப்பா இல்ல மாவு சலிக்கிற சல்லடையா?" என்றார். கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனிதர். பாதையைப் பற்றி, மழையைப் பற்றி, மரத்தில் தொங்கும் வௌவால்களைப் பற்றி ஓயாமல் பேசினார்.

முதலில் ஒரு கல். இடது பக்கம் பாதையோரம் ஆட்டுக்குட்டி அளவுக்குக் கிடந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. கேப்டன் விலகவே இல்லை. நேராக அதன் மேல் ஏற்றி, ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்த பிறகு, "நேத்து இது இங்க இல்லையே!" என்றார்.

அடுத்து மாமியார் நீட்டிய மிட்டாய். இடது தோளுக்குப் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு அவர் காத்திருந்தார். கேப்டன் திரும்பிப் பார்க்கவே இல்லை. "எவ்வளவு நேரம் நீட்டிக்கிட்டே இருக்கறது தம்பி?" என்று மாமியார் அதட்டிய பிறகுதான் தலையை முழுசாகத் திருப்பி, "ஐயோ, கவனிக்கல அம்மா" என்றார்.

நர்ஸ் வெளியே எட்டிப் பார்த்தாள். இடது பக்கம்தான் பள்ளம். பாதையின் விளிம்பில் புல், புல்லுக்கு அப்பால் வெறும் காற்று. அடியில் எங்கோ ஆறு ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கணவன் செல்போனை வெளியே நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, டிரைவருக்கு இடது பக்கம் பார்வை சரியில்லன்னு நினைக்கறேன்."

"ஆரம்பிச்சிட்டியா?" என்றான் அவன். அவ்வளவுதான்.

மலைமுகட்டில் வண்டியை நிறுத்த ஒரு திறந்த வெளி இருந்தது. அங்கே கேப்டன் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். ஃபிளாஸ்கைச் சாய்த்தார், தேநீர் டம்ளருக்குள் விழாமல் அதன் முன்பக்கம் பலகையில் விழுந்தது. அவர் சட்டென்று விரலால் டம்ளரின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அந்த விரலை ஒட்டியே மறுபடி ஊற்றினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்வை குறைந்தவர்களிடம் இதே விரல்களை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

மாமியாரும் மகனும் பள்ளத்தாக்கை வேடிக்கை பார்க்கப் போனதும் அவள் அவருக்கு இடது பக்கமாகப் போய் நின்றாள். அவர் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவள் நிற்பதே அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணே."

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

"இடது கண்ணு எப்பத்திலேருந்து தெரியல?"

கேப்டன் மூடியைத் திருகி முடித்தார். பிறகு மறுபடி கழற்றினார்.

"கிளை அடிச்சிடுச்சும்மா. ரெண்டு மழைக்காலம் ஆச்சு. கொஞ்ச நாள் மங்கலா இருந்துச்சு, அப்புறம் சுத்தமா போயிடுச்சு. வலது கண்ணு நல்லா இருக்கு. ஒண்ணும் பயம் இல்ல."

"பயம் இல்லையா? பாறை மேல ஏத்தினீங்களே!"

"அவ இருந்தா ஏத்தியிருக்க மாட்டேன்." குரல் இறங்கிவிட்டது. "இடது பக்கம் பாருங்க பள்ளம், இதோ ஒரு பெரிய கல்லு வருதுன்னு அவ சொல்லிக்கிட்டே வருவா. வர்றவங்க தங்களுக்குத்தான் காட்டறான்னு நினைச்சிக்குவாங்க. எனக்குத்தாம்மா காட்டுவா. அவ இல்லாம நான் மேல வந்ததே இல்ல. இன்னைக்குத்தான்..."

நாங்கள்தானே அக்காவை விட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்தபோது நர்ஸுக்குத் தங்கள் மேலும் அவர் மேலும் கோபம் பாய்ந்தது.

"அதை அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே அண்ணே! மூணு உயிரை வச்சுக்கிட்டு இப்படியா விளையாடுவீங்க?"

"சொன்னா யார் ஏறுவாங்க?"

மேற்கே மேகம் கறுத்துத் திரண்டு வந்தது. செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அருவிக்குப் போகிற பாதை இதைவிட மோசம். இறங்கவோ மலையைச் சுற்றிப் போகும் ஒற்றை வழிப் பாதைதான்; அதிலும் பள்ளம் இடது பக்கம்தான்.

அவள் கணவனிடம் போய் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இறங்கினதும் இந்த ஆளை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன். தள்ளு, நான் ஓட்டறேன்" என்று ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். தரையிலிருந்து இரண்டு கியர் குச்சிகள் முளைத்திருந்தன. அவன் ஊரில் ஓட்டுவது கியர் மாற்றவே வேண்டாத ஆட்டோமேட்டிக் கார். கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு இறங்கினான்.

"அப்போ இத்தனை நேரம் நான் ஒரு குருடன் பக்கத்துலயா உட்கார்ந்திருந்தேன்?" மாமியாரின் குரல் மலைக்கே கேட்டிருக்கும். கேப்டனுக்குக் கேட்காமல் இருக்குமா? அவர் சக்கரத்தின் அருகே குனிந்து எதையோ தேடுவதுபோல் நின்றார். மாமியார் அந்த முதுகைப் பார்த்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே பின்னால் போய் உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் பையை மடியில் விரித்து வைத்துக்கொண்டார்.

நர்ஸ் முன்னால் ஏறினாள்.

"எப்படிச் சொல்லணும் அண்ணே?"

"என்ன தெரியுதோ அதை வாய் விட்டுச் சொல்லிக்கிட்டே வாங்க. நிறுத்த மட்டும் செய்யாதீங்க. பேச்சு நின்னா எனக்கு இடது பக்கமே இல்லாத மாதிரி ஆயிடும்."

அவள் சொல்லத் தொடங்கினாள். கல். குழி. விளிம்பு ஒரு கை தூரம். இப்போ ஒரு முழம். வலது, இன்னும் வலது. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் தண்ணீர் அருவியாக இறங்கியது. சிவப்பு மண் குழம்பாகி, சக்கரங்கள் வழுக்கின. தொண்டை கட்டிப்போனது அவளுக்கு. கேப்டனின் கைகள் மட்டும் பதறவில்லை. அவள் 'வலது' என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி வலது பக்கம் ஒதுங்கியது. தினமும் ஒரு குரலை நம்பியே ஓட்டிப் பழகிய கைகள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஒரு வளைவில், "நிறுத்துங்க!" என்று அவள் அலறினாள்.

பாதையின் இடது ஓரம் மழையில் சரிந்து போயிருந்தது. மிச்சம் இருந்தது ஒரு ஜீப் அகலம், அதுவும் இழுத்துப் பிடித்தால்.

"எல்லாரும் இறங்குங்க" என்றார் கேப்டன். "நான் மட்டும் கொண்டு வர்றேன்."

மாமியாரை மகன் கைத்தாங்கலாக அந்தப் பக்கம் கூட்டிப் போனான். நர்ஸ் போகவில்லை. பாதையில் முன்னால் நின்று, ஜீப்பைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தாள். இடது சக்கரத்தின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு, மழைச் சத்தத்துக்கு மேல் கத்தினாள். கணவன், "ஏய், தள்ளி நில்லு! தள்ளி நில்லு!" என்று அந்தப் பக்கத்திலிருந்து கத்திக்கொண்டே இருந்தான். சக்கரத்தின் அடியிலிருந்து மண் கட்டிகள் உதிர்ந்து பள்ளத்தில் விழுவதை அவள் பார்த்தாள். அவை விழுந்த சத்தம் கேட்கவில்லை. ஜீப் அங்குலம் அங்குலமாக வந்து, கெட்டித் தரையில் ஏறி நின்றது.

கேப்டன் ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துக்கொண்டார்.

அடிவாரத்து அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. அக்கா ஓடி வந்தாள். முன் இருக்கையில் நர்ஸ் உட்கார்ந்திருப்பதையும் அவள் குரல் கம்மிப் போயிருப்பதையும் கண்டதுமே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "கையெடுத்துக் கும்பிடறேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று நர்ஸின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "இந்தக் கண்ணுதான் போச்சு, அந்தக் கண்ணு தங்கம். இனிமே நான் இல்லாம அனுப்பவே மாட்டேன்."

கணவன் வாயைத் திறந்தான். மாமியார் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

நர்ஸ் கேப்டனின் இடது கண்ணை அருகே போய்ப் பார்த்தாள். தழும்பு எதுவும் இல்லை. கிளை அடித்த கண்ணாக அது தெரியவில்லை. வலது கண்ணும் சரிதானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"அண்ணே, இங்க நாற்காலில உட்காருங்க. இடது கண்ணை மூடிக்கிட்டு என் மூக்கை மட்டும் பாருங்க. வேற எங்கயும் பார்க்கக் கூடாது. என் விரல் ஆடறது தெரிஞ்சா சொல்லுங்க."

அவர் மூக்கைப் பார்த்தார். அவள் கையை அவர் தலைக்கு மேலே கொண்டுபோய் விரல்களை ஆட்டினாள். மெல்ல மெல்லக் கீழே இறக்கினாள். ஆட்டிக்கொண்டே இறக்கினாள். அக்காவுக்கு அந்த விரல்கள் நன்றாகத் தெரிந்தன. மாமியாருக்கும், வாசலில் நின்ற கணவனுக்கும் தெரிந்தன. கை நெற்றிக்கு நேரே வந்துவிட்டது.

"எப்பம்மா ஆட்டப் போறீங்க?" என்று கேட்டார் கேப்டன்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கீழிருந்தும் அப்படித்தான். காதோரமாக வெளிப்பக்கம் மட்டும் கொஞ்சம் பார்வை மிச்சம் இருந்தது. நர்ஸ் தரையில் முழங்காலிட்டு அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.

"கிளை இல்லண்ணே. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இது கண்ணுக்குள்ள அழுத்தம் கூடற வியாதி மாதிரி இருக்கு. வலியே இல்லாம ஓரத்துலேருந்து தின்னுக்கிட்டே வரும். டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும். அதுவா இருந்தா, போனது திரும்பாது. இருக்கறதை மருந்து போட்டுக் காப்பாத்தலாம். ஆனா உடனே போகணும். இனிமே வண்டி எடுக்கவே கூடாது. அக்கா பக்கத்துல உட்கார்ந்தாலும் கூடாது."

"எனக்கு ரோடு நல்லா தெரியுதேம்மா" என்றார் அவர், குழந்தை மாதிரி. "நேரா பார்த்தா எல்லாம் தெரியுது."

அக்கா மேசையருகே போனாள். யாருக்கோ போன் போட்டு, நாளைக்கு வண்டி வராது என்றாள். மறுமுனையில் எப்போது வரும் என்று கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. அவள் கணவரைப் பார்த்தாள். அவர் வலது கண்ணை மூடி மூடித் திறந்து, தன் கையைத் தானே தலைக்கு மேலே தூக்கி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலைங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.