ஆறு சொட்டு விஷம்

வாசனைத் திரவியம் செய்யும் அந்தக் கூடத்தில் வேலை தெரிந்தவள் மருமகள், முதலாளி மாமனார். இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று கேட்க முடியுமா? ஈ முதலாளியாயிற்றே! சரக்குக் கலத்தில் சொட்டு மருந்து விடும் வேலையை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அரைகுறை வேலைக்கு மரியாதை உள்ள இடம் உலகத்திலேயே இது ஒன்றுதான். கலத்திலுள்ள திரவத்தோடு ஹைட்ரஜன் பாதி வழி மட்டும் சேர்ந்தால் வெட்டின புல்லின் வாசனை வரும். முழுக்கச் சேர்ந்துவிட்டால் மந்தமான எண்ணெய் வாடைதான். சேர்த்து வைப்பது பல்லேடியம் என்ற உலோகத் தூள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது அதற்கும் பொருந்தும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. அதனால் குயினோலின் என்ற நாற்றம் பிடித்த திரவத்தை ஆறு சொட்டு விட்டு அதன் வேகத்தைத் தணிப்பார்கள். தொழிலில் அதற்கு விஷம் என்றே பெயர்.

ஏற்கெனவே இரண்டு முறை கெட்டாயிற்று. "படிச்சு என்ன பிரயோஜனம்?" என்று மாமனார் மகனிடம் முணுமுணுத்தது அவள் காதிலும் விழுந்தது. மிச்சமிருப்பது இந்த ஒரு கலம் சரக்கு. இதுவும் போனால் அவள் பழையபடி லேபிள் ஒட்டப் போக வேண்டியதுதான்.

ஹைட்ரஜன் மீட்டரைப் பார்த்தாள். நாற்பது நிமிடத்தில் போக வேண்டிய ஹைட்ரஜனில் பாதி ஐந்தே நிமிடத்தில் போயிருந்தது. சட்டென்று வால்வை மூடினாள்.

"மாமா, எத்தனை சொட்டு விட்டீங்க?"

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு."

"ஆறுன்னு எழுதி வச்சிருக்கேனே!"

"நல்ல சாமான்ல போய் யாராவது விஷத்தை ஊத்துவாங்களாம்மா? மனசு வரல."

"போன தடவையும்?"

"அதுக்கு முந்தின தடவையும்தான்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சண்டை போட நேரமில்லை. மீதி நான்கு சொட்டை ஊசியில் எடுத்து உள்ளே விட்டாள், வால்வைத் திறந்தாள். மீட்டர் இப்போது ஆமை வேகத்தில் நகர்ந்தது. குறியைத் தொட்டதும் நிறுத்தினாள்.

வடிகட்டியதில் ஒரு துளியைக் காகிதத்தில் தொட்டு நீட்டினாள். மாமனார் முகர்ந்தார். அவளும் முகர்ந்தாள். பச்சைப் புல், அப்போதுதான் வெட்டியது. சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்து, அவள் எதிரிலேயே மகனைக் கூப்பிட்டார்.

"டேய், ரெண்டு தடவையும் கெடுத்தது நான்தான்டா. பழியை மட்டும் அவ மேல போட்டுட்டேன்."