முதல் ரக டயர்

புக்கிட் செராயா தோட்டத்தில் எது நல்லது, எது மட்டம் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை இராஜமாணிக்கம் கிரானியிடம் இருந்தது. தோட்ட ஆபீசில் கணக்கெழுதுவதுதான் அவருடைய உத்தியோகம். ஆனால் புகைக்கூடத்திலிருந்து ரப்பர் ஷீட்டு வெளியே வந்தால் கிரானி போய் நிற்க வேண்டும். ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். குமிழி, தூசி பார்ப்பார். கட்டைவிரல் நகத்தால் ஒரு அழுத்து. கடைசியில் முகர்ந்துவிட்டு, "முதல் ரகம்" என்பார். அல்லது, "மூணாம் ரகம்" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

நாளாக ஆக அந்தப் பழக்கம் புகைக்கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. கோயில் பூசாரியின் குரல் இரண்டாம் ரகம். புது மானேஜர் நாலாம் ரகம். இதை மட்டும் வீட்டுக்கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். மனைவி பஞ்சாலை அவரை எந்த ரகத்திலும் சேர்க்கவில்லை. "போய்யா, ஒட்டுப்பாலு" என்பாள். மரத்தில் வழிந்து காய்ந்ததை உருட்டி எடுப்பார்களே, அது.

மகள் வள்ளிநாயகி சிரம்பானில் நர்ஸ். அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கப்பட்டு, குமிழி கண்டுபிடிக்கப்பட்டு, காப்பி கொடுத்து அனுப்பப்பட்டார்கள். அதில் வள்ளிக்கும் வருத்தமில்லை. ஆனால் இப்போது வந்திருந்த அமிர்தலிங்கத்தை அவளே தேர்ந்தெடுத்திருந்தாள். சிரம்பானை ஒட்டிய ராசா என்ற ஊர்க்காரன், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. அப்பாவின் வாயிலிருந்து ஒரு நல்ல ரகம் விழுந்தால் கல்யாணம். விழாவிட்டால் காப்பி.

அமிர்தலிங்கத்துக்கும் ஒரு கோளாறு உண்டு. மவுண்டன் பைக். தொண்ணூற்றாறில் சிரம்பானில் பல பேருக்குப் பிடித்திருந்த கோளாறுதான். இவனுக்குச் சற்று முற்றியிருந்தது. கையுறை, ஹெல்மெட், ஈயின் கண் போன்ற ஒரு கறுப்புக் கண்ணாடி, இவ்வளவையும் மாட்டிக்கொண்டு ராசா பாசாருக்குக் கீரை வாங்கப் போவான். எல்லாவற்றுக்கும் மேலே அவனுடைய டயர். கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும் அந்த டயரைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்திருந்தான். வள்ளி வீட்டுக்கு முதல் தடவை வந்தபோதும் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். பஞ்சாலை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டயரு நல்லாருக்காங்களா தம்பி?" என்று குசலம் விசாரித்தாள்.

அந்த வருஷம் தோட்டத்தின் பின்பக்கக் குன்றை ஒரு கம்பெனி வாங்கி, மேடுபள்ளத்தில் பைக் ஓட்டுவதற்கென்று பைக் பார்க் அமைத்தது. ஊரில் பள்ளம் விழுந்தால் மூடச் சொல்லி மனு கொடுப்பார்கள். இங்கே ஆள் வைத்துப் பள்ளம் வெட்டினார்கள். பால் வாளியோடு வழுக்கி விழாமல் இறங்கத் தோட்டத்துச் சனங்கள் ஒரு ஆயுசு பழகிய குன்றில், வழுக்கி விழுவதற்கென்றே கோலாலம்பூரிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்களாம்.

"ஞாயித்துக்கெழம தொறக்கறாங்க அங்கிள். வாங்களேன், சேந்து ஓட்டலாம்" என்றான் அமிர்தலிங்கம்.

மரியாதைக்குக் கூப்பிட்டால் மரியாதைக்கு மறுப்பதுதான் உலக வழக்கம். கிரானி ஒப்புக்கொண்டார்.

"இந்தத் தோட்டத்துல நான் சைக்கிள் மிதிக்காத மர நிரை கிடையாது தம்பி. நீங்க ஓட்டறதப் பாத்துட்டு ஒங்களப் பத்திச் சொல்றேன்."



கிரானியிடம் மவுண்டன் பைக்கும் இருந்தது. தீபாவளி விருந்தில் அதிர்ஷ்டக் குலுக்கலில் விழுந்து, அதன்மேல் பஞ்சாலை மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த வண்டி. டயர் மட்டும் வெயிலில் வெடித்திருந்தது. சனிக்கிழமை காலை கிரானியும் வள்ளியும் அமிர்தலிங்கமும் ராசாவில் சைக்கிள் கடைக்குப் போனார்கள்.

கடை முதலாளி, அதாவது தவுக்கே, ஆ செங். தமிழர்களுக்கு நடுவே கடை வைத்துத் தமிழ் பழகியவர்; பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டுவார். கட்டை கட்டையான டயர் ஒன்றை எடுத்து நீட்டினார். கிரானி அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"என்ன தவுக்கே இது? ஒட்டுப்பால உருட்டி உருட்டி ஒட்டி வெச்ச மாதிரி இருக்கு. மூணாம் ரகம்."

"புக்கிட்டு ஏறி எறங்க இதான் நல்லது கிரானி. மண்ணக் கடிக்கும் லா."

"எனக்கா சொல்ற? ஒன் கடைக்கு வர்றதுக்கு முன்னாடி இந்த ரப்பர் எங்கிட்டதான் வந்துட்டு வருது."

சுவரில் தொங்கிய இன்னொரு டயர் அவர் கண்ணில் பட்டது. தார் ரோட்டுக்கானது. வழவழவென்று, ரோலரில் அழுத்திய ஷீட்டைப் போல மெல்லிய வரி ஓடியிருந்தது. கிரானி நகத்தால் அழுத்தினார். முகர்ந்தார். நல்ல ஷீட்டைக் கண்ட இடத்தில் அவர் முகத்தில் வரும் கனிவு வந்தது.

"பாத்தியா, ஒரு குமிழி இல்ல. முதல் ரகம்!"

"ஐயோ கிரானி, அது மண்ணுல லிச்சின் லா! சர்ருன்னு வழுக்கும்!" ஆ செங் உதவிக்கு அமிர்தலிங்கத்தைப் பார்த்தார். அமிர்தலிங்கம் வாயைத் திறந்தான். டயரைப் பற்றிப் பேச அவனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்த்ததில்லை.

"தம்பி என்ன சொல்றீங்க?" என்றார் கிரானி.

அமிர்தலிங்கம் வள்ளியைப் பார்த்தான். வள்ளி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல வழவழப்பு அங்கிள்" என்றான். அதில் பொய் ஒன்றுமில்லை.

அன்று மத்தியானம் பிடித்த மழை சாயங்காலம் வரை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குன்றெல்லாம் செம்மண் குழைந்து கிடந்தது. கிரானி ஆபீஸ் கால்சட்டையை முழங்காலுக்குக் கீழே துணிக் கிளிப்பால் இறுக்கிக்கொண்டு, பால் நிறுக்கப் போகிறவரைப் போல வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடிவாரத்தில் வள்ளி மருந்துப் பெட்டியோடும், பஞ்சாலை முறுக்கு டின்னோடும் நின்றார்கள். இரண்டும் தேவைப்படும் என்பது பஞ்சாலையின் கணக்கு.

"பின்னால வாங்க தம்பி. நான் போற தடத்தப் பாத்துக்கிட்டே வாங்க."

முதல் வளைவு வரை கிரானி கம்பீரமாகத்தான் போனார். வளைவில் வண்டி வளைந்தது. டயர் நேராகப் போக விரும்பியது. கிரானி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவசரமே இல்லாமல் சறுக்கிக்கொண்டு போய்ச் சேற்றுக் குழியில் உட்கார்ந்தார். பின்னால் வந்த அமிர்தலிங்கம் பிரேக்கைப் பிடித்தான். பிரேக் பிடித்தது, மண் பிடிக்கவில்லை. அவனும் அதே தடத்தில் சறுக்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

கிரானிக்கு முதலில் சந்தோஷம்தான். "நீங்களுமா?" என்றார். பிறகு அவன் வண்டியின் சக்கரம் அந்தரத்தில் சுற்றுவதைப் பார்த்தார். கையால் நிறுத்தினார். சேற்றை வழித்தார். மெல்லிய வரி. நகத்தால் அழுத்தினார்.

"சிங்கப்பூர் டயரு எங்க?"

"வீட்டுல, அங்கிள்."

"இது?"

"நேத்து சாயங்காலம் மழையோட போய் வாங்கினேன். நீங்க எடுத்தீங்கள்ல... நல்லாருக்கேன்னு."

"பொய் சொன்னா குமிழி தெரியும் தம்பி."

அமிர்தலிங்கம் ஈக்கண்ணாடியைக் கழற்றினான். கண்ணைச் சுற்றி மட்டும் முகம் சுத்தமாக இருந்தது.

"நீங்க விழுவீங்கன்னு தெரியும் அங்கிள். சொல்லப் பயமா இருந்துச்சு. நீங்க கீழ கெடக்க, நான் மட்டும் ஜம்முனு எறங்கிப் போனா நல்லாவா இருக்கும்?"

கோலாலம்பூர்க்காரர்கள் இருவர் மண்ணைக் கடிக்கும் டயர்களோடு அவர்களைக் கடந்து போனார்கள்.

"மண்ணு சரியில்ல" என்றார் கிரானி.

"ஆமா அங்கிள். மூணாம் ரகம்."

கிரானி அவனைத் திரும்பிப் பார்த்தார். அந்த வார்த்தையை அவர் முன்னால் இதுவரை யாரும் எடுத்தாண்டதில்லை. பிறகு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். "என்னாச்சுப்பா?" என்று வள்ளி கேட்டதில் முழங்கால் சிராய்ப்பு மட்டும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

"மழை" என்றார். முறுக்கு எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் அமிர்தலிங்கத்துக்கு ரகம் சொல்லவில்லை. வள்ளி சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லித் தொலைங்களேன்யா. பிள்ள முகமே செத்துப் போச்சு" என்றாள் பஞ்சாலை.

"ஷீட்டு ஈரமா இருக்கறப்ப ரகம் சொல்லக்கூடாது. காயணும்."

மறு சனிக்கிழமை, அமிர்தலிங்கத்தை வரச்சொல்லிவிட்டு, வள்ளியையும் கூட்டிக்கொண்டு கிரானி மறுபடி ஆ செங் கடைக்குப் போனார். சுவரில் தொங்கிய வழவழப்பின் பக்கம் திரும்பவே இல்லை.

"தவுக்கே, அந்த ஒட்டுப்பால் டயரு எடு."

ஆ செங் சிரிப்பை அடக்கிக்கொண்டு அமிர்தலிங்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். "ரெண்டு ஜோடியா கிரானி?"

"எனக்கு மட்டும். மாப்பிள்ளைக்கு வீட்டுல இருக்கு."

அமிர்தலிங்கம் கையிலிருந்த காற்றுப் பம்பை நழுவ விட்டான். வாசலில் நின்ற வள்ளி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

"மாப்பிள்ளையா?" என்றார் ஆ செங். "இது எப்ப லா?"

கிரானி மூன்றாம் ரக டயரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கட்டைகளுக்கு நடுவே தீவிரமாகக் குமிழி தேடிக்கொண்டிருந்தார்.

"காஞ்சிருச்சு லா" என்றார்.