மாற்று ஆட்டக்காரர்

யெஃபிம் சவப்பெட்டியின் அடியில் கை கொடுத்த அந்த நொடியே க்ளாவ்தியா சித்தி அவன் புறங்கையில் பட்டென்று ஒன்று போட்டாள்.

"எடுடா கையை. ரத்த சொந்தம் பெட்டி தூக்கலாமா? செத்தது சந்தோஷம்னு ஊர் பேசும்."

"என் தம்பி, சித்தி."

"அதனாலதான் சொல்றேன். மாலைக்குப் பின்னால போய் நில்லு."

நின்றான். போர்ச்சுகலிலிருந்து வந்த மாலை. அதன் பட்டு நாடாவில் யாருக்கும் படிக்க வராத எழுத்துகள். பெட்டி வேறு ஓக் மரம், பித்தளைக் கைப்பிடி. அறுபத்து நாலு வயதில் மூத்தவன் காத்திருக்க, சின்னவன் க்ளெப் இதிலும் முந்திக்கொண்டான்.

க்ளெப் பயிற்சி கொடுத்த ஊர் அணிப் பையன்கள் ஆறு பேர், கையில் வெள்ளைத் துண்டு கட்டி, பெட்டியைத் தூக்க நின்றார்கள். ஆறு பேரும் அழுதார்கள். தனக்கு அழ எத்தனை பேர் தேறுவார்கள் என்று யெஃபிம் கணக்குப் போட்டுப் பார்த்தான். மனைவியோடு பக்கத்து வீட்டு நாயைச் சேர்த்தும் மூன்றைத் தாண்டவில்லை.

விஷயம் இதுதான். சோவியத் கதவு திறந்த வருஷம், ஆட்டக்காரர்களைத் தேடிப் போர்ச்சுகல்காரர் ஒருவர் எங்கள் ஊர் கினேஷ்மாவுக்கு வந்தார். நெசவாலை மைதானத்தில் யெஃபிம் பந்தைத் தள்ளிக் கொடுத்தான், க்ளெப் கோல் அடித்தான். வந்தவர் அடித்தவனைக் கூட்டிக்கொண்டு போனார். கொடுத்தவன் தறிக்குத் திரும்பினான். அந்தப் பாஸ் அன்று பதினைந்து மீட்டர் இருந்திருக்கும். யெஃபிம் சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. நாடு உடைந்தபோது நாற்பது மீட்டர். அவன் பென்ஷன் வாங்கும்போது ஆலைக் கூரைக்கு மேலே எழும்பி, புகைபோக்கியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கியது. ஊரில் யாரும் மறுக்கவில்லை. பந்து உரசிக் கரி உதிர்ந்த இடம் புகைபோக்கியில் இப்போதும் இருக்கிறது. நானே பார்த்திருக்கிறேன்.

பல வருஷம் கழித்து க்ளெப் வெயில் ஏறிய முகத்தோடு திரும்பி வந்து ஊர் அணிக்குப் பயிற்சியாளரானான். போர்ச்சுகலில் பயிற்சியாளரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம், பையன்கள் அவனை 'மிஸ்டர்' என்றார்கள். யெஃபிம் ஒரு நாள்கூட மைதானத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. தினமும் சாயங்காலம் வேலிக்கு வெளியே சிகரெட் பிடிக்க நிற்பான், அவ்வளவுதான். சிகரெட்டை விட்டு இருபது வருஷமாகிவிட்டது.

அணித் தலைவன் சாவ்வா மூக்கைச் சிந்திக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"யெஃபிம் ஐயா, உங்க பாஸைப் பத்தி மிஸ்டர் பேசாத நாளே இல்ல."

"என்ன பேசினான்?"

"நீங்க வோல்காவுக்கு அந்தக் கரையில நின்னு உதைச்சீங்களாம். பந்து ஆத்தைத் தாண்டி வந்து அவர் கால்ல பூனைக்குட்டி மாதிரி உக்காந்துச்சாம். 'நான் சும்மா காலை நீட்டினேன்டா, கோல் எங்க அண்ணனோடது'ம்பாரு."

யெஃபிம் ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்தக் கரை! இத்தனை வருஷம் வளர்த்தும் தனக்கு ஆறு தோன்றவில்லையே. தன் பொய்யைக்கூடத் தம்பிதான் நன்றாகச் சொல்லியிருக்கிறான்.

"பொய்," என்றான். "பதினைஞ்சு மீட்டர். அதுவும் தரையோட தரையா."

சாவ்வா நம்பவில்லை. "அடக்கமா இருக்கிறதுல நீங்களும் அவரை மாதிரியே," என்றுவிட்டுப் பெட்டியைத் தூக்கப் போனான்.

கல்லறைத் தோட்டத்து மேட்டில் வண்டி ஏறவில்லை. பையன்கள் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். பாதி மேட்டில் கோல்கீப்பர் லுக்கா சறுக்கி விழுந்தான். பெட்டி ஒரு பக்கம் சாய, மற்ற ஐந்து பேர் பல்லைக் கடித்துத் தாங்கினார்கள்.

"கணுக்கால் போச்சுடா!" என்று லுக்கா கத்தினான்.

"மாத்து ஆள்!" சாவ்வா திரும்பிப் பார்த்தான். பின்னால் கிழவிகளும், ஊன்றுகோலோடு ஆலைக் கிழவர்களும். "சீக்கிரம், யாராவது!"

யெஃபிம் அதற்குள் மேல்கோட்டைக் கழற்றிப் பனியில் போட்டிருந்தான். சித்தி குறுக்கே வந்தாள்.

"டேய், சொன்னேன்ல? இவன் சந்தோஷப்படுறான்னு சொல்லுவாங்க."

"பொய்யா சொல்லப்போறாங்க, சித்தி?"

சித்தி அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு குனிந்து லுக்காவின் கையிலிருந்த துண்டை அவிழ்த்து, யெஃபிமின் கையில் ரத்தம் நிற்கிற மாதிரி இறுக்கிக் கட்டினாள்.

"இடது பக்கம் வாங்க, ஐயா," என்றான் சாவ்வா.

எல்லாரும் பனைமரம் மாதிரி வளர்ந்த பையன்கள். பெட்டிக்கும் யெஃபிமின் தோளுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது. அந்தச் சறுக்கலில் யாராலும் அவனுக்காகக் குனிய முடியாது.

"நடங்கடா," என்றான்.

மேட்டின் உச்சி வரை, புதுப் பனியில், ஐந்து பேரின் பூட்ஸ் தடங்களுக்கு இடது ஓரமாக, குதிகாலே பதியாத ஒரு வரிசை போயிற்று.