சின்னாச்சிக்கு ஒரு வாய்ப் பால்

மூன்றாம் தடவையும் குணலட்சுமி பால் விட்ட மூக்குப் பேணியோடு அறை வாசல் வரை போனாள். மூன்றாம் தடவையும் திரும்பி விறாந்தைப் படிக்கு ஓடி வந்தாள். பேணியில் இருந்த பாலில் பாதி அவளுடைய கையிலும் சட்டையிலும் வழிந்துபோயிருந்தது.

"என்ன பிள்ளை செய்யிறாய்? அங்கை கொம்மாவுக்குக் கடைசிச் சேடம் இழுக்குது," என்றாள் நல்லம்மா. மீசாலையில் இந்த வீடு அவளுடையது. சண்டைக்குப் பயந்து கொக்குவிலிலிருந்து இடம்பெயர்ந்து வந்த, குணலட்சுமி வீட்டாரோடு சேர்த்து நாலு குடும்பங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, சொந்த வீட்டிலேயே குசினி மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறவள்.

"ஏலாமல் கிடக்கு, அக்கா. நெஞ்சு அடைக்குது."

"உன்ரை நெஞ்சு ஆறுதலாய் அடைக்கட்டும். கொம்மாவின்ரை நெஞ்சு இப்ப அடைக்கப் போகுது."

நல்லம்மா சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. போகிற சீவனுக்குப் பெற்ற பிள்ளைகள் ஒரு வாய் பால் பருக்க வேண்டும். அண்ணன் இராசநாயகம் விடியவே பருக்கிவிட்டான். அவன் மனைவி மீனாம்பிகை பருக்கினாள், பிள்ளைகள் பருக்கினார்கள், பக்கத்து வளவிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தமையன்கூடப் பருக்கிவிட்டார். மிச்சம் குணலட்சுமி ஒருத்திதான். கலியாணம் கட்டாமல் நாற்பது வயது வரை தாயின் பாயிலேயே படுத்தவள், தாயின் கையால் தின்றவள், அவள்தான் மிச்சம். "மகளின்ரை பாலுக்குத்தான் சீவன் இழுபடுது" என்று உள்ளே யாரோ சொன்னது வெளியே வரை கேட்டது.

அந்த அறை நல்லம்மா தேங்காய் போட்டு வைத்த அறை. ஒரு வாசல், ஒரு சின்ன யன்னல். அதற்குள் தாய் சின்னாச்சியைக் கிடத்தி, சுற்றிவரப் பதினைந்து பேர் நின்றார்கள். காயாத உடுப்பின் வாடை, சாம்பிராணிப் புகை, தோளோடு தோள். நிலையைத் தாண்டிக் காலை வைத்தாலே போதும், குணலட்சுமிக்கு யாரோ நெஞ்சில் ஏறிக் குந்திவிடுவார்கள். விரல்கள் விறைக்கும், காது இரையும், கண் இருட்டும், இந்தக் கணமே செத்துவிடப் போகிறேன் என்று உடம்பு அலறும். சாக மாட்டாள் என்று அவளுக்குத் தெரியாதா? வீட்டைப் பூட்டிவிட்டு வந்த நாளிலிருந்து பதினாறு நாளாகத் தினமும் செத்துச் சாகாமல் இருக்கிறவள் அல்லவா! ஆனால் பயம் ஒவ்வொரு தடவையும் புதுசாகத்தான் வந்தது. அதற்கு முன்னால் அவளுடைய புத்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

அது முதன்முதலில் வந்தது நாவற்குழிப் பாலத்தில். முன்னுக்கும் போக ஏலாது, பின்னுக்கும் போக ஏலாது, ஊர் முழுக்க அந்த ஒற்றைப் பாலத்தில் இறுகிப்போய் நின்றது. தலையில் மழை. திடீரென்று மூச்சு வரவில்லை. "அம்மா, நான் சாகப் போறன்" என்று கத்தினாள். சின்னாச்சி தலைச்சுமையைக் கீழே போட்டுவிட்டு மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மூச்சை இழுக்காதை மோனை, ஊது. பச்சை விறகு வைச்ச அடுப்பை ஊதுறமாதிரி ஊது. மெல்ல ஊது, நீட்டி ஊது."

இந்த வருத்தத்துக்கு என்ன பெயர் என்று ஒருவருக்கும் தெரியாது. இராசநாயகம் விசர், பைத்தியம் என்றான். மீனாம்பிகை, பாலத்தடியில் ஏதோ பிடித்துவிட்டது என்று நூல் கட்டினாள். சின்னாச்சி மட்டும் பெயர் கேட்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தாள், அவ்வளவுதான்.

அன்றைக்குப் பாலம் தாண்டியதும் ஒரு கோயில் மடம் இருந்தது. சனம் முழுக்க அதற்குள் இடித்துக்கொண்டு ஏறியது. குணலட்சுமி ஏற மாட்டேன் என்று வாசலில் குந்திவிட்டாள். "நீங்கள் போய்ப் படுங்கோ, நான் இவளோடை நிக்கிறன். நான் நனையாத மழையே?" என்று மகனை உள்ளே அனுப்பிவிட்டு, எழுபத்திரண்டு வயதுக் கிழவி மகளோடு விடியும் வரை பனைமரத்தடியில் நனைந்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல் பிடித்தது. பிறகு சளி நெஞ்சுக்கு இறங்கியது.

இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் குணலட்சுமியைத் தின்றது.

இராசநாயகம் வெளியே வந்தான். புகையிலைத் தோட்டக்காரன். கோபமும் அழுகையும் அவனுக்கு ஒரே குரலில்தான் வரும்.

"வாறியோ, இல்லையோ?"

"அண்ணை, உள்ளை நிக்கிற சனத்தைக் கொஞ்சம் வெளியாலை விடுங்கோ. ஒரு நிமிசம் போதும்."

"எங்கை விட? விறாந்தையிலை சாமான், முத்தத்திலை வெள்ளம். சாவு பாக்க வந்த சனத்தை எழும்பிப் போங்கோ எண்டு சொல்லவோ?"

"அப்ப அம்மாவை இதிலை, படியடிக்குத் தூக்கிக்கொண்டு வாங்கோ. உங்களைக் கும்பிட்டன்."

"விசர்க்கதை கதையாதை! இந்த நிலையிலை ஆளை அசைச்சா அந்த இடத்திலையே சீவன் போயிடும். அவவை அசைக்கக் கூடாது."

"எனக்கு ஏலாது அண்ணை."

"ஏலாதோ? அண்டைக்கும் உனக்கு ஏலாதுதான். மடத்துக்குள்ளை நீ வந்திருந்தா இண்டைக்கு அம்மா இப்பிடிக் கிடப்பாவோ? சொல்லு! கிடப்பாவோ?"

சொல்லிவிட்டான். பதினாறு நாளாக வாய்க்குள் வைத்திருந்ததைத் துப்பிவிட்டு, தானே அதில் வழுக்கி விழுந்தவன்போல ஒரு கணம் நின்றான். பிறகு திரும்பி உள்ளே போய்விட்டான்.

குணலட்சுமி அழவில்லை. அழுவதற்கும் மூச்சு வேண்டுமே! பேணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டைச் சுற்றிப் போனாள். பின்பக்கத்தில் அறையின் யன்னல் இருந்தது. ஒரு கையால் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே முதுகுகள்தான் தெரிந்தன.

"விலகுங்கோ... கொஞ்சம் விலகுங்கோ..."

இரண்டு பேர் விலகினார்கள். தாயின் பாதம் தெரிந்தது. பாய் எதிர்ச்சுவரோடு கிடந்தது. கையை எட்டி நீட்டினாலும் பாதித் தூரம்கூட வராது. சேடம் இழுக்கும் சத்தம் கேட்டது, கர்... கர்... என்று. அறையின் புழுக்கம் யன்னலால் வந்து முகத்தில் அடித்ததும் காது இரையத் தொடங்கிவிட்டது. தாயின் மூச்சை அவளுடைய காது இரைச்சல் மூடிவிட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஊதினாள். மெல்ல ஊதினாள், நீட்டி ஊதினாள். அம்மா, போயிடாதை, இப்ப வாறன், இப்ப வந்திடுவன். மணிக்கட்டைப் பிடிக்க ஆளில்லாமல் இருபது தடவையா முப்பது தடவையா ஊதினாள் என்று அவளுக்கே தெரியாது.

இரைச்சல் தணிந்து கண்ணைத் திறந்தபோது அந்தக் கர்... கர்... சத்தமும் இல்லை, யன்னலடியில் ஒருவரும் இல்லை. எல்லாரும் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். மீனாம்பிகை முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். இராசநாயகம் பாயருகே முழந்தாளிட்டிருந்தான். யன்னலில் நின்ற தங்கையை ஒரு தடவை பார்த்தான். அழ வாயெடுத்த பெண்களின் பக்கம் திரும்பி, பொறுங்கோ என்று கையைக் காட்டினான். பிறகு தாயை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிக்கொண்டு யன்னலடிக்கு வந்தான்.

"இந்தா, பருக்கு."

"அசைக்கக் கூடாதெண்டு சொன்னனீங்கள்..."

"பருக்கெண்டா பருக்கு, பிள்ளை."

பதினாறு நாளில் முதல் தடவையாக அவன் அவளைப் பிள்ளை என்றான்.

சின்னாச்சியின் தலை அவன் தோளில் சாய்ந்திருந்தது. கன்னம் கம்பியில் முட்டியது. குணலட்சுமி பேணியின் மூக்கைக் கம்பிக்கிடையால் நுழைத்துத் தாயின் உதட்டில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் நல்லம்மா வந்து, மழைத்தண்ணீர் பாலுக்குள் விழாமல் ஒரு சுளகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நான் வந்திட்டன். குடியுங்கோ."

பால் உள்ளே போனது. கொஞ்சம் கழித்துக் கடைவாயால் வெளியே வழிந்தது. இராசநாயகம் தன் தோள் சால்வையால் அதைத் துடைத்தான்.

"குடிக்கிறாவோ, அண்ணை?"

"ஓம். குடிக்கிறா."

"இன்னும் விடவோ?"

"விடு. ஆறுதலாய் விடு."

முழங்காலைச் சுவரில் முட்டுக்கொடுத்துத் தாயை ஏந்திக்கொண்டான். அவன் இறக்கவில்லை. குணலட்சுமி பேணியை மெல்லச் சரித்து, ஒவ்வொரு துளியாக விட்டுக்கொண்டிருந்தாள். பேணி வெறுமையாகும் வரை அந்த அறைக்குள் ஒருவரும் அழத் தொடங்கவில்லை.